வெள்ளாவித் துணியும் பொட்டல நாப்கினும்

என் முதல் பிரசவத்துக்காக வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்த மறுவாரமே, அம்மா மரப்பெட்டியைத் திறந்து அப்பாவின் பழைய வேட்டிகளை வெளியே எடுத்தாள். பல வருஷம் துவைத்துத் துவைத்து நைந்து, பிள்ளையின் கன்னம்போல மெத்தென்று ஆகியிருந்த வேட்டிகள். கரை உறுத்தும் என்று அதைக் கிழித்துத் தனியே போட்டாள். நடுத்துணியை முழ நீளத்துக்குக் கிழித்து, சோப்புப் போட்டு அலசி, கொதிக்கும் நீரில் முக்கி எடுத்து, இரண்டு நாள் முழுவெயிலில் காயப்போட்டு, மடித்து ஒரு வெள்ளைத் துண்டில் மூட்டையாகக் கட்டிவைத்தாள். அது 1991. முப்பத்தொரு வருஷம் கழித்து என் மகளின் பிரசவத்துக்காக நான் மருந்துக்கடையில் போய் நின்றேன். கடைப்பையன் செய்தித்தாளில் சுற்றி நான்கு பொட்டலம் நாப்கின் கொடுத்தான். எது பிரசவத்துக்கு உரியது, எது மாதவிலக்குக்கு உரியது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் அன்று தெரியவில்லை.

ஒன்றை உடம்பால் அறிந்தவள், இன்னொன்றைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற உரிமையில் இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன். துணி நல்லதா, நாப்கின் நல்லதா என்று கேட்கும் பெண்ணுக்குப் பதில் சொல்ல ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். பாட்டி துணி என்பாள். விளம்பரம் நாப்கின் என்னும். மண்ணைப் பற்றிக் கவலைப்படும் இளைஞர்கள் மறுபடியும் துணி என்பார்கள். எனக்கோ கேள்வியே வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. துணி என்றால் அதைத் துவைப்பது யார், எங்கே காய்கிறது? நாப்கின் என்றால் எத்தனை மணிக்கு ஒருதரம் மாற்ற முடிகிறது, கழித்தது யார் கைக்குப் போகிறது? இதற்கு விடை தெரியாமல் ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தினால், கஷ்டம் பச்சை உடம்புக்காரிக்குத்தான்.

முதலில் அந்த உடம்புக்கு நேர்ந்திருப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். நஞ்சுக்கொடி பிரிந்து வந்ததும், கருப்பைச் சுவரில் அது ஒட்டியிருந்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறந்த புண்ணாக நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத புண் என்பதால் வீட்டில் யாரும் அதைப் புண்ணாகவே எண்ணுவதில்லை. தீட்டு என்ற ஒரே சொல்லில் அதை முடித்துவிடுகிறோம். கருப்பை சுருங்கச் சுருங்க அந்தப் புண்ணின் ரத்தக்குழாய்கள் நெரிபட்டு அடைபடுகின்றன. அதுவரை வடிவதுதான் பிரசவ உதிரப்போக்கு. முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பு, நடுவில் சிறு கட்டிகள். பத்தாம் நாள் வாக்கில் பழுப்பும் இளஞ்சிவப்புமாக நீர்த்துப்போகும். அதன்பின் மஞ்சள் படிந்த வெள்ளை. நாலிலிருந்து ஆறு வாரம்வரை இது இருக்கும். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது ஆக்ஸிடோசின் சுரந்து கருப்பை இறுகுவதால், அந்த நேரத்தில் சற்றுக் கூடுதலாகப் போவதும் இயல்பே.

சிசேரியன் ஆனவளுக்கும் இதே கதைதான். வயிற்றைக் கிழித்துத்தானே எடுத்தார்கள், கீழே ஏன் போகிறது என்று திகைத்துக் கேட்ட பெண்களை நான் அறிவேன். பிள்ளை எந்த வழியாக வந்தாலும் நஞ்சுக்கொடி விட்டுப்போகும் புண் ஒன்றே. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஆக, ஏறக்குறைய பாதித் தாய்மார்கள் இரண்டு காயங்களோடு வீடு திரும்புகிறார்கள்.

மாதவிலக்கோடு இதை ஒன்றாக எண்ணுவதில்தான் தேர்வு பிசகுகிறது. மாதவிலக்கில் நாலைந்து நாளும் சேர்த்துப் பெரும்பாலோருக்கு 80 மில்லிக்கு மேல் போவதில்லை. பிரசவத்தில் முதல் ஒரு நாளைக்குள்ளேயே அதைவிடப் பல மடங்கு போகும். அதோடு கருப்பை வாய் இன்னும் மூடியிருக்காது, கிருமி ஏறும் வழி திறந்து கிடக்கும். சுகப்பிரசவம் என்று சொல்லப்பட்டாலும் பலருக்குக் கீழே தையல் இருக்கும். இந்த மூன்றையும் தாங்குகிற பொருள்தான் வேண்டும்.

இப்போது துணிக்கு வருகிறேன். அம்மாவின் மூட்டையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அதற்கு முந்திய தலைமுறையின் துணியும் கூடவே நினைவுக்கு வரும். என் பாட்டி காலத்தில் பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டுத்துணியை வீட்டார் யாரும் துவைத்ததில்லை. சலவைத் தொழில் செய்த குடும்பத்துப் பெண் புறவாசலில் வந்து நிற்பாள். பாயும் துணியும் அவள் தலைக்கு ஏறும். அவள் அதை உவர்மண் கரைத்த நீரில் ஊறவைப்பாள். தண்ணீர்ப் பானையின் மேல் அடுக்கி, கீழே தீ மூட்டி, ராவெல்லாம் ஆவியில் வேகவைப்பாள். அதுதான் வெள்ளாவி. விடிந்ததும் கல்லில் அடித்துத் துவைத்து, ஆற்று மணலில் வெயில் பட விரிப்பாள். உவர்மண்ணின் காரம், ஒரு ராத்திரி முழுக்க நீராவி, பிறகு சுடுவெயில். ரணஜன்னியை உண்டாக்கும் கிருமியின் வித்துக்களைப் போன்ற சில, ஆவிக்கும் தப்பிவிடும். ஆனாலும் சாதாரணக் கிருமிகளில் பெரும்பாலானவை அந்தச் சூட்டில் மிஞ்சாது. பழந்துணிக்கு இருந்த நல்ல பெயர் பருத்தியால் மட்டும் வந்ததில்லை. அந்தப் பெண்ணின் ராத்திரி உழைப்பால் வந்தது.

அந்த உழைப்புக்கு ஊர் கொடுத்தது சாதியின் இழிவும் கொஞ்சம் தானியமும். தலித் மக்களுக்குச் சலவை செய்த புதிரை வண்ணார் பெண்களின் நிலை இன்னும் கீழே வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கட்டாயத்திலிருந்து அவர்கள் விலகியது சரி, விலக வேண்டியதுதான். நான் கவனிக்கச் சொல்வது அடுத்து நடந்ததை. உழைத்த கை விலகியது, வெள்ளாவி விலகியது, துணி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. தீட்டு என்ற கூச்சமும் அதோடு தங்கிவிட்டது. பிள்ளை பெற்றவளோ அவள் அம்மாவோ விடியுமுன் குளியலறை மூலையில் பச்சைத் தண்ணீரில் அலசி, ஆண்கள் கண்ணில் படாமல் பாவாடைக்கு அடியில், கட்டிலுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகைச் சுவரில் காயப்போட்டார்கள். ஈரம் போகாமலே மறுநாள் எடுத்து வைத்தார்கள். பாட்டி பயன்படுத்தியதும் பேத்தி பயன்படுத்தியதும் ஒரே பழந்துணிதான். ஆனால் பேத்தியின் துணி ஆவியையும் வெயிலையும் கண்டதில்லை. என் அம்மா கொதிநீரும் வெயிலும் காட்டியது அவளுக்குத் தெரிந்திருந்ததால். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை.

நாப்கினின் பிறப்பு இதற்கு நேர் எதிரான இடத்தில் இருக்கிறது. அது போர்க்களத்துக் காயக்கட்டிலிருந்து வந்தது. முதல் உலகப்போரில் பஞ்சுக்குப் பதிலாக மரக்கூழிலிருந்து செய்த ஒரு கட்டுத்துணியை அமெரிக்காவின் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் படைகளுக்கு அனுப்பியது. பஞ்சைவிட அது அதிகம் உறிஞ்சுவதைக் கண்ட செவிலியர்கள் தங்கள் மாதவிலக்குக்கும் அதையே மடித்து வைத்துக்கொண்டார்கள். போர் முடிந்தபின் 1920-இல் அதே சரக்கு கோடெக்ஸ் என்ற பெயரில் கடைக்கு வந்தது. நம் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தமும் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த உண்மை இதுவே. மனைவிக்காக நாப்கின் செய்ய இறங்கியவர் முதலில் பஞ்சை வைத்துத் தோற்றார். உள்ளே இருப்பது பஞ்சல்ல, மரக்கூழ் என்று தெரிந்தபிறகே அவருடைய சிறு இயந்திரம் உருவானது. சுயஉதவிக் குழுப் பெண்களின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ.

காயத்துக்குக் கட்டுப்போடுவது என்ற எண்ணத்திலிருந்து வந்த பொருள், உள்ளே ஒரு புண்ணோடு இருப்பவளுக்குப் பொருந்துவது இயற்கை. ஆனால் கடையில் கிடைக்கும் நாப்கின் அத்தனையும் பிரசவத்தை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. இந்தியத் தரநிலையான ஐஎஸ் 5405-இன் 1980 பதிப்பு, நிமிஷத்துக்கு 15 மில்லி வீதம் 30 மில்லி திரவம் ஊற்றினால் கசியக்கூடாது என்று ஒரு சோதனை வைத்திருந்தது. அது மாதவிலக்கின் கணக்கு. பிரசவத்துக்கு என்றே வரும் நாப்கின் இதைவிட நீளமாக, அகலமாக, தடிமனாக இருக்கும். படுத்தே கிடப்பவளுக்குப் பின்பக்கம் கசியாமலிருக்க அந்த நீளம் வேண்டும். அது கிடைக்காத ஊரில் இருப்பதில் மிக நீளமானதை வாங்கலாம். மெல்லியது என்று பெருமையாக விளம்பரம் செய்வதை முதல் வாரத்தில் தொடவேண்டாம்.

மேற்பரப்பு எது என்பது தையல் போட்டவளுக்கு உயிர்நாடியான விஷயம். சொட்டும் ஈரம் தெரியாதபடி மேலே வலைபோன்ற பிளாஸ்டிக் உறை போட்ட நாப்கின்கள் நம் கடைகளில் நிறைய. என் மகளுக்கு நான் முதலில் வாங்கியது அதுதான். இரண்டாம் நாள் அவள் உட்கார முடியாமல் ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டாள். தையல் முடிச்சில் அந்த வலை சிக்கி இழுத்திருந்தது. வார்டிலிருந்த ஒரு வயதான நர்சம்மாதான் பார்த்துவிட்டு, "அம்மா, பஞ்சுத்துணி மாதிரி மேல்பக்கம் இருக்கிறதா வாங்கிட்டு வாங்க, வாசனை போட்டதை வாங்காதீங்க" என்றார். அந்த விஷயத்தில் அம்மாவின் வேட்டித்துணி ஒருபடி மேல் என்பதை இன்றும் ஒப்புக்கொள்வேன். நைந்த பருத்தியைவிட இதமாகத் தையலில் படும் பொருள் ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் நனைந்த துணி இதமாக இருக்காது. மடிப்போடு ஈரம் ஏறி, தொடையிடுக்கில் உரசிப் புண்ணாக்கும். அரைஞாணில் செருகிக் கட்டிய துணி நடக்கும்போது நழுவும், முடிச்சு இடுப்பில் அழுந்தும். சிசேரியன் ஆனவளுக்கு அந்த முடிச்சு விழும் இடம் கிட்டத்தட்ட தையலின் மேலேயே. அவர்களுக்கு நாப்கினோடு, காயத்துக்கு மேலே தொப்புள் வரை ஏறும் தளர்வான பருத்தி ஜட்டியே சரி. முதல் இரண்டு நாளுக்குப் பெரியவர்களுக்கான டயாபர்கூடப் பரவாயில்லை.

அடுத்தது பலரும் யோசிக்காத ஒன்று. தாயின் அடியில் இருக்கும் பொருள் ஒரு அளவுகோலும்கூட. பிரசவத்துக்குப் பின் 500 மில்லியோ அதற்கு மேலோ ரத்தம் போவதை அதிரத்தப்போக்கு என்று நெடுங்காலமாக மருத்துவம் கணக்கிட்டு வந்திருக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதுதான் சிக்கல். தான்சானியாவில் காங்கா என்ற பருத்தித் துணி பெண்கள் எல்லோரிடமும் ஒரே அளவில் இருக்கும். இரண்டு காங்கா முழுக்க நனைந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று அங்கே மருத்துவச்சிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வங்கதேசத்தில் ஏறத்தாழ 500 மில்லி குடிக்கும் விரிப்பு ஒன்றைச் செய்து, அது நிறைந்தால் அபாயம் என்று வைத்தார்கள். நம் பக்கத்துக் கர்நாடகத்தின் பெலகாவியில் அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் உறை ஒன்றை உருவாக்கினார்கள். அதாவது, அளவு ஒன்றுபோல இருந்தால் துணியும் காப்பாற்றும். நம் வீட்டுப் பழந்துணிக்கு அந்த அளவு கிடையாது. ஒன்று வேட்டி, ஒன்று சேலை, ஒன்று உள்பாவாடை. எத்தனை நனைந்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஒரே பொட்டலத்து நாப்கின் எல்லாம் ஒரே அளவு. எண்ணிச் சொல்லலாம்.

ஆனால் நாப்கினிலும் ஒரு பொய்த்தோற்றம் உண்டு. உள்ளே இருக்கும் உறிஞ்சுதூள் ஈரத்தைக் கூழாக்கிப் பிடித்துக்கொள்வதால் மேலே உலர்ந்ததுபோலவே இருக்கும். நன்றாகத்தானே இருக்கிறது என்று காலையில் வைத்ததை மாலைவரை விட்டுவிடுவார்கள். துணி நனைந்ததும் தாயே உணர்ந்து மாற்றுவாள். நாப்கின் அந்த உணர்வை மறைத்துவிடுகிறது. அதனால் நாப்கின் வைப்பவள் ஈரத்தைப் பார்த்து மாற்றக்கூடாது, கடிகாரத்தைப் பார்த்து மாற்ற வேண்டும். மூன்று, நான்கு மணிக்கு ஒருதரம், ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்தபிறகும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க ஊறி, அடுத்ததும் அதேபோல ஆனால், எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டி விழுந்தால், காய்ச்சல் வந்தால், வடிவதில் துர்நாற்றம் அடித்தால், பத்தியமும் கஷாயமும் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். பிரசவ ஜன்னி என்று பாட்டிமார்கள் பயந்து சொன்னது பெரும்பாலும் இந்தக் கிருமித்தொற்றைத்தான்.

கிருமி என்றதும் துணிதான் காரணம் என்று முடிவுகட்டுவது எளிது. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஒடிசாவில் புவனேஸ்வரிலும் ரூர்கேலாவிலும் 486 பெண்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணியை வைத்தவர்களுக்கு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நாப்கினை வைத்தவர்களைவிடப் பிறப்புறுப்புத் தொற்றின் அறிகுறிகள் அதிகம் என்று அது கண்டது. அது மாதவிலக்கு பற்றிய ஆய்வு, பிரசவத்துக்கு அப்படியே பொருத்தக்கூடாது. அதிலேயே இன்னொரு முடிவும் உண்டு: வீட்டில் கழுவிக்கொள்ளத் தனியிடம் இருந்த பெண்களிடம் ஒருவகைத் தொற்று குறைவாக இருந்தது. எனக்கு இந்த இரண்டாவது வரிதான் முக்கியமாகப் படுகிறது. குழாயும் கதவும் உள்ள ஒரு மூலை அவளுக்கு உண்டா என்பதில் பாதி விஷயம் அடங்கிவிடுகிறது.

மீதிப் பாதி கை. வியன்னாப் பொது மருத்துவமனையில் அடுத்தடுத்து இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும், இன்னொன்றில் மருத்துவச்சிகள். முதல் வார்டில் ஜன்னி கண்டு இறந்தவர்கள் இரண்டாவதைவிடப் பல மடங்கு. முதல் வார்டில் சேர்க்காதீர்கள் என்று பெண்கள் காலில் விழுந்து கெஞ்சியதாகச் சொல்வார்கள். பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் தாய்மாரைத் தொடுவதே காரணம் என்று 1847-இல் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டார். சுண்ணக்குளோரின் நீரில் கை கழுவச் சொன்னார். சாவு இரண்டாவது வார்டின் அளவுக்கு இறங்கியது. உயர்ந்த விலை நாப்கினை மாட்டுச்சாணம் அள்ளிய கையால் பிரித்து வைத்தாலும், வெள்ளாவித் துணியை மூக்குச் சிந்திய கையால் எடுத்து வைத்தாலும் பலன் ஒன்றுதான். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவிவிடும்போது முன்னிருந்து பின்னாக, வெதுவெதுப்பான வெறும் தண்ணீர். ஒரு செம்பு போதும். டெட்டால் ஊற்றுவதும், வாசனை வாஷ் பாட்டில்களும், பவுடரும் தையலுக்கு எரிச்சலைத்தான் தரும். வேது குளியலில் கொதிக்கக் கொதிக்க நீரை இடுப்பில் அடிக்கும் பாட்டிமார் தையல் இருப்பதை மறந்துவிடக்கூடாது. டாம்பான், மாதவிலக்குக் கப் போன்று உள்ளே வைப்பவை எதுவும் ஆறு வாரம் முடிந்து டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை வேண்டவே வேண்டாம்.

செலவைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2018 ஜூலையில் நாப்கின்மீதான ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. மக்கள் மருந்தகங்களில் ஒரு நாப்கின் ஒரு ரூபாய் என்று 2019 ஆகஸ்டில் கொண்டுவந்தார்கள். அதற்கும் முன்பே தமிழ்நாட்டில் புதுயுகம் திட்டம் வந்துவிட்டது. வளரிளம் பெண்களோடு பிரசவித்த தாயையும் அது நினைத்தது. அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றவளுக்கு 7 பொட்டலம், பொட்டலத்துக்கு 6 நாப்கின். மனமார வரவேற்கிறேன். ஆனால் கூட்டிப்பாருங்கள், மொத்தம் 42. மூன்று, நான்கு மணிக்கு ஒன்று என்று மாற்றினால் முதல் மூன்று நாளுக்கே 18 முதல் 24 வரை ஆகும். அதன்பின் நாளுக்கு நான்கு என்று வைத்தாலும், பத்தாம் நாள் விடியுமுன் மூட்டை காலி. உதிரப்போக்கு ஆறு வாரம்வரை போகலாம். மிச்ச நாளுக்குக் கூலிவேலை செய்யும் குடும்பம் எங்கே போகும்? ஒன்று, ஒரே நாப்கினை நாள் முழுக்க வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் பெட்டியிலிருந்து பழந்துணியை எடுக்கும். ஆகவே துணியா நாப்கினா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை நம் பெண்களில் பெரும்பாலோருக்கு இல்லவே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துகிறார்கள். எப்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை.

கழித்ததை என்ன செய்வது என்ற கேள்வியில் துணி வெல்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. நாப்கினின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மக்காது. எரித்தால் நச்சுப்புகை. கழிப்பறையில் போட்டால் குழாய் அடைக்கும், அதை எடுக்க ஒரு மனிதர் கையை விடவேண்டியிருக்கும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், உறையில் சுற்றித் தனியே கொடுக்கச் சொல்லின, உறை தரும் பொறுப்பை நாப்கின் செய்பவர்கள்மேல் வைத்தன. தெருமுனைக் குப்பையில் காகிதம்கூடச் சுற்றாமல் கிடக்கும் நாப்கினைத் தூய்மைப் பணியாளர் பெண் வெறுங்கையால் பிரித்தெடுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவளைப் பார்த்தபோது, பாட்டி வீட்டுப் புறவாசலில் தீட்டுத்துணிக்கு நின்ற அந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தாள். பொருள் மாறியிருக்கிறது, நம் ரத்தத்தை அள்ளும் கை மட்டும் சமூகத்தின் அதே கீழ்ப்படியில்தான் இருக்கிறது. துணியை நாமே துவைத்தால் அந்தப் பாவம் நமக்கில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்தான். ஆனால் பிரசவமாகி மூன்றாம் நாள், தையலோடும் பால்கட்டிய மார்போடும் இருப்பவளைக் குந்தவைத்துத் துவைக்கச் சொல்லும் சுற்றுச்சூழல் அக்கறையை நான் ஏற்கமாட்டேன்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் பத்து நாள் நாப்கின்தான். நீளமானது, மேல்பக்கம் பஞ்சுபோன்றது, வாசனை இல்லாதது. அந்த நாட்களில் புண் திறந்திருக்கிறது, அளவு தெரியவேண்டியிருக்கிறது, தாயால் துவைக்க முடியாது, மருத்துவமனை வார்டில் துணி காயவும் இடமில்லை. போக்கு குறைந்து நிறம் மாறியபிறகு, பருத்தித் துணிக்கு மாறுவதில் எந்தக் குறையும் இல்லை. ஆரோவில்லின் ஈகோ ஃபெம் போன்ற இடங்களில் தைத்து விற்கும் துணிப் பட்டைகளானாலும் சரி, வீட்டு வேட்டியானாலும் சரி. வெளிர்நிறமாக இருக்கட்டும், வடிவதன் நிறம் அதில்தான் தெரியும். குளிர்ந்த நீரில் அலசி, சோப்பால் துவைத்து, கொதிநீர் காட்டி, நேர்வெயிலில் மொடமொடவென்று காய்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்துப் பிரசவமானால், வெயில் படாத ஒண்டுக்குடித்தன வீடானால், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவானால், துணியை விட்டுவிட்டு ஆறு வாரமும் நாப்கினே வையுங்கள். 42 போதாது என்று அரசிடம் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. முதல் பத்து நாளுக்கு நீளமான பிரசவ நாப்கின், பிறகு சாதாரணம் என்று பிரித்துக் கொடுத்தால் இன்னும் நன்று.

பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு வருமுன் அவள் கணவரும் மாமியாரும் செய்ய வேண்டியவை சில உண்டு. மொட்டைமாடியிலோ முற்றத்திலோ வெயில் விழும் இடத்தில் அவளுக்கென்று ஒரு கொடி கட்டுங்கள். அவள் துணி சட்டையோடும் வேட்டியோடும் பக்கத்தில் காயட்டும். குளியலறையில் மூடியுள்ள ஒரு வாளியும், சுற்றி வைக்கப் பழைய செய்தித்தாளும், ஒரு சோப்பும் வையுங்கள். முதல் பத்து நாள் அந்த வாளியை எடுத்துப்போய்ச் சுற்றித் தனியாகக் கொடுக்கும் வேலையைக் கணவர் தன் கையில் எடுத்துக்கொள்ளட்டும்.